ராபின் பெயருக்கு ஒரு கல்: செயலாளர் சின்னப்பொண்ணு அவர்களுக்குச் சங்கத்தார் வாசித்தளிக்கும் மடல்

“கல்லுல வெட்டின பேர யாராவது மாத்துவாங்களாக்கா? ஊரே சிரிக்கும்—”

“சிரிக்கட்டும் தலைவரே. உசுரோட இருக்கறவனுக்கு ஏழு வருசமா மால போட்டுக்கினு இருக்கமே, அதுக்குச் சிரிக்க மாட்டாங்களா—”

“மெதுவா பேசுக்கா, வெளிய ஆளுங்க—”

“ஆளுங்களுக்குத்தான் தெரியணும்ன்றேன்.”

கும்மிடிப்பூண்டியில் நம் கட்டுமானத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில், சென்ற தை மாதம், தலைவர் ராஜமாணிக்கமும் செயலாளர் சின்னப்பொண்ணும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் போட்ட சண்டை இது. பாராட்டு மடலைச் சண்டையில் தொடங்கலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. “அதுலதான் தொடங்கணும், ஒண்ணும் மறைக்காதீங்க” என்று தீர்த்து வைத்தவர் தலைவரே.

ஆகவே, செங்கல் சுமந்த சிரத்தாலேயே சங்கத்தையும் சுமந்தவரே, கலவை கலந்த கரத்தாலேயே கலங்கியவர் கண்ணீரைத் துடைத்தவரே, கேட்ட கேள்விக்கு விடை கிட்டும்வரை கிளம்பாத எங்கள் செயலாளர் சின்னப்பொண்ணு அம்மையாரே, வணக்கம். முன்னால் நின்று புகழ்ந்தால் “வேல நிக்குது, நான் வரேன்” என்று எழுந்து போய்விடும் வழக்கம் தங்களுக்கு உண்டு. அதனால் இனித் தங்களை நோக்காமல் அவையை நோக்கியே பேசுகிறோம். தாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவையோரே, பதினேழு வயதில் சித்தாளாகச் சட்டி தூக்கிய சின்னப்பொண்ணு அக்கா, நாற்பத்து மூன்று ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தார். தேர்வாய் கண்டிகையில் இன்று நிமிர்ந்து நிற்கும் தொழிற்கூடங்களில் பாதிக்கு அவர் தலைச்சுமை ஏறியிருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் நம் செயலாளராக இருந்தார். ஒரு விபத்து நடந்தால் நாமெல்லாம் மாலை வாங்க ஓடுவோம். அக்கா விபத்து நடந்த இடத்துக்கு ஓடுவார். பெல்ட்டு எங்கே, பலகையைக் கட்டினது யார், எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்பார்.

“வந்துட்டாங்கப்பா வக்கீலம்மா” என்று ஒரு மேஸ்திரி ஒருமுறை கிண்டல் அடித்தார்.

“வக்கீலுக்கு பீஸு குடுக்கணும். எனக்கு பதில் குடுத்தா போதும், சொல்லு நைனா” என்றார் அக்கா. மேஸ்திரி சொன்னார். சொல்லாமல் அங்கிருந்து நகர முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

நம் சங்க வாசலில் கொடிக்கம்பத்தின் அடியில் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. வேலையில் விழுந்து உயிர்விட்ட பதினொரு பேரின் பெயர்கள் அதில் உண்டு. மே தினத்தன்று கொடி ஏற்றுமுன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவோம். கூட வேலை செய்தவர் ஒருவர் முன்னால் வந்து, அந்த ஆளுடைய வேலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அழக்கூடாது, வேலையைத்தான் சொல்லவேண்டும். “லோகநாதன் பூசின சுவத்துல தண்ணி நிக்காது” என்பார் ஒருவர். “குப்பாயி ஒரே மூச்சுல மூணு மாடி ஏறும்” என்பார் இன்னொருவர். பதினோராவது பெயர் குணாளன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் யாரும் வரமாட்டார்கள். “அடுத்து கொடி ஏத்துவோம்” என்று தலைவர் முடித்து வைப்பார்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தைகூடவா இல்லாமல் போகும்? நல்லவனோ கெட்டவனோ, பீடி குடித்தானா, பாட்டுப் பாடினானா, கம்பியை இறுக்கிக் கட்டினானா, அரைகுறையாக விட்டானா? ஒவ்வொரு மே தினமும் வீட்டுக்குப் போகும்வரை இதையே கேட்டுக்கொண்டு வருவார்.

அவருக்குத் தெரிந்த அளவில் நடந்தது சுருக்கமாக இது. ஏழு ஆண்டுகளுக்கு முன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கூடத்தின் கட்டுமானத்தில், சாரத்தின் மூன்றாம் தட்டிலிருந்து ஒருவர் விழுந்தார். அன்றுதான் வேலைக்கு வந்த புதிய ஆள். கீழே கம்பி வளைத்துக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்தார். உயிர் அங்கேயே போனது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அன்று மாலையே உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, “ஊட்டுக்காரங்க யாரும் வரவேணாம்னுட்டாங்க” என்று சங்கத்திடம் சொன்னார்கள். தலைவர் ராஜமாணிக்கம், மடியில் தூக்கி வைத்தபோது அவர் சட்டைப்பையில் பார்த்த கேட் பாஸிலிருந்து பெயரை எழுதி, பதினாறாம் நாளுக்குள் கல்லில் வெட்ட வைத்தார். நம் ஆளுக்கு நாம்தான் கல் வைக்கவேண்டும் என்ற ரோஷம். ரோஷத்தில் குற்றமில்லை, அவசரத்தில்தான் குற்றம்.

சென்ற மார்கழியில் காக்களூர்த் தொழிற்பேட்டையில் உறுப்பினர் சேர்க்கப் போனார் அக்கா. வரிசையில் எல்லோரும் அட்டைக்குப் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். விடுவாரா?

“நீ இன்னாப்பா, சங்கம்னா அவ்ளோ பேஜாரா ஒனக்கு?”

“இல்லக்கா. எனக்கு நீங்க கார்டு போட முடியாது.”

“ஏன் போட முடியாது?”

“நான் செத்துட்டேன்னு நீங்கதான எழுதி வெச்சிக்கினு இருக்கீங்க.”

சின்னப்பொண்ணு அக்கா கையிலிருந்த பேனாவை மூடினார். அந்த ஆள்தான் குணாளன். வேலையில் சேரவேண்டிய முதல் நாளே காய்ச்சலில் படுத்திருந்தவர், வேலை கைவிட்டுப் போகாமல் இருக்கத் தன் கேட் பாஸைச் சிநேகிதன் ராபினிடம் கொடுத்து அனுப்பினார். நம்மில் கொடுக்காதவர் யார், வாங்காதவர் யார்? பாஸில் ஒட்டிய முகத்தை வாசலில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. விழுந்தது ராபின், கல்லில் ஏறியது குணாளன். உடலை ராபின் வீட்டுக்கே அனுப்பிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அதைத் தெரிந்தே மறைத்தார்கள். வெளியே சொன்னால் எந்த வாசலிலும் தன்னை விடமாட்டார்கள் என்று ஏழு ஆண்டுகளாக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாளே அக்கா பொதட்டூர்பேட்டைக்குப் பேருந்து ஏறினார். ராபினின் மனைவி ஷைனி அங்கே தையல் எந்திரம் வைத்திருக்கிறார். அக்கா தன்னை இன்னார் என்று சொன்ன பிறகும் ஷைனி மிதிப்பதை நிறுத்தவில்லை.

“சங்கத்துக்காரங்க வரமாட்டாங்கன்னு அன்னிக்கே சொன்னாங்களே.”

“எங்களுக்கு வேற மாதிரி சொன்னாங்கம்மா. நீங்க யாரையும் பாக்க மாட்டேன்னு.”

எந்திரம் நின்றது.

“அவரு செத்ததுக்கு என் கைல காயிதம் இருக்குது” என்றார் ஷைனி. “அங்க வேல செஞ்சாருன்றதுக்கு ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு பூமிகா கேக்குது, அப்பா இன்னா கட்டுனாருன்னு. இன்னான்னு சொல்ல?”

விபத்து நடந்தபோதே எட்டுப் பேரிடம் கேட்டு அக்கா சேர்த்து வைத்திருந்த விவரம் அன்றுதான் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. உத்தரத்துக்குக் கம்பி கட்டப் போனதை, பலகைக்கு ஒரு முனையில் மட்டும் கயிறு இருந்ததை, மதியச் சோற்றுக்குக் கால்மணி நேரம் இருந்ததை, ஒன்றும் விடாமல் சொன்னார். கிளம்பும்போது, “பேரு ஏறும்மா. நான் சங்கத்த உட்டுப் போறதுக்குள்ள ஏறும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாக்கினால்தான் தை மாதச் சண்டை. அக்கா கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற நான்கு மாதமே இருந்தது. தலைவர் சொன்ன காரணங்கள் அற்பமானவை அல்ல: செத்தவன் யார் என்றே தெரியாத சங்கம் பாதுகாப்பு கேட்க வந்துவிட்டது என்று ஒப்பந்தக்காரர்கள் ஏசுவார்கள், குணாளனின் பிழைப்பு போகும். ஆனாலும் இந்த மனுஷர் ஏன் இத்தனை கோபப்படுகிறார் என்று அக்கா யோசித்தார். யோசித்ததை வழக்கம்போல் கேட்டும்விட்டார்.

“தலைவரே, ஒனக்கு இன்னா பயம்?”

“நான் எழுதிக்குடுத்த பேருதான்க்கா அது” என்றார் ராஜமாணிக்கம். அதற்குப்பின் சண்டையில் சத்தம் குறைந்தது.

மாசியில் பொதுக்குழு கூடியது. குணாளன் தானே வந்து மேடையருகில் நின்றார். “எங்கம்மா கல்ல தொட்டுப் பாத்துட்டு அழுவுது, எனக்கு ஒண்ணும் ஆவலன்னாலும். ராபின் பேர எழுதுங்க. என்னிய எந்த கேட்ல நிறுத்தினாலும் நிறுத்தட்டும்” என்றார்.

சென்ட்ரிங் வேலை பார்க்கும் தமிழ்செல்வி எழுந்தார். “அவரு நுழையாத கேட்டுல நான் இன்னாத்துக்கு நுழையப்போறேன்?” என்று கேட்டுவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பிறகு கம்பிக்காரர்கள் எழுந்தார்கள், கொத்தனார்கள் எழுந்தார்கள். எண்ணிப் பார்க்கத் தேவைப்படவில்லை; உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை. இன்றுவரை எந்த வாசலும் குணாளனுக்கு மூடவில்லை. மூடினால் யார் யார் வெளியே நிற்பார்கள் என்று வாசல்களுக்குத் தெரியும்.

எங்கள் ஏணியாகவும் எச்சரிக்கையாகவும் இருந்த அம்மையாரே, மறுபடி தங்களிடமே வருகிறோம். மூட்டு வலி தணிந்து, மூச்சு சீராகி, பேரும் நலமும் பெருகி, நூறாண்டைத் தாண்டியும் தாங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று கும்மிடிப்பூண்டி வட்டாரக் கொத்தனார், சித்தாள், கம்பிக்காரர், சென்ட்ரிங் தொழிலாளர் இருநூற்று நாற்பது பேரும், புதிய அட்டை பெற்ற குணாளனும் இதன் கீழ் கையொப்பமிட்டு வாழ்த்துகிறோம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் ஏன் விட்டீர்கள் என்று தாங்கள் கேட்பீர்கள். போன ஞாயிறு புதிய கல்லை நட்டோம். ஷைனி மகளோடு வந்து, ராபின் என்ற எழுத்துகளின்மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டினார். அழவில்லை. பிறகு திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த தலைவரிடம் நேராகப் போனார்.

“அண்ணே, நீங்கதான அவர மடில தூக்கி வெச்சீங்க. இன்னா பேரு சொல்லிக் கூப்ட்டீங்க அவர?”