வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்

உக்காருங்கண்ணே, உக்காருங்க. இந்த மழைல பாடாங் மைதானத்தத் தாண்டி, நிப்பாட்டியிருக்குற உங்க காடிகிட்டப் போறதுக்குள்ள முழுசா நனைஞ்சிருவீங்க. குனோங் ராபாட் மழை இப்பிடித்தான், மலைக்குப் பின்னால நின்னுட்டு சொல்லாமக் கொள்ளாம வந்துரும். வந்த மாதிரியே போயிரும். அவசரப்படாதீங்க.

நீங்க பாகான் டத்தோ டீம் மேனேஜர்தானே? எப்பிடித் தெரியுமா? சட்டைலயே போட்டிருக்கே லா. காலைல பயிற்சி பாக்க வந்தீங்க, சாயங்காலம் ஆகியும் இன்னும் இங்கதான் சுத்துறீங்க. எங்க கிளப்பு வெளிய விட்ட அந்தப் பவித்ரன எடுக்கலாமா வேணாமான்னு பாக்க வந்தீங்க. இந்தக் கடைல பறக்குற ஈக்குக் கூட அது தெரியும்.

நானா? நானும் அந்தக் கிளப்புலதான் கெடக்கேன். ஐஸ் பெட்டி தூக்குவேன், கோன் அடுக்குவேன், சொன்னதச் செய்வேன். பெரிசா ஒன்னும் இல்ல.

எடுக்கப் போறதில்லையா? அதானே பாத்தேன். ஓ, கால் இழுக்குதா அவனுக்கு? எந்தக் காலு? இடது. ஆமாமா, இடதுதான். நல்லாப் பாத்திருக்கீங்கண்ணே. கண்ணு கூர்மை உங்களுக்கு.

இருங்க, தேத்தண்ணி நானே எடுத்துட்டு வாரேன். இந்தக் கடைக்கார மக்சிக்கக் கூப்பிட்டாத் திரும்பிக் கூடப் பாக்காது.

இந்தாங்க. சூடு, பாத்து. என்ன பாக்குறீங்க, காலையா? வலது காலு, மழைன்னா கொஞ்சம் இழுக்கும். விடுங்க, எனக்கு வைத்தியமா பாக்கப் போறீங்க? தேயக் குடிங்க.

நீங்க இந்த வேலைக்குப் புதுசா? மச்சான் கிளப்ப வாங்கிட்டு உங்கள மேனேஜர் ஆக்கிட்டாரா? அது சரி. எங்க முதலாளி தௌகேயும் அப்பிடித்தான், டயர் கடை வெச்சிருந்தாரு, ஒரு நாள் கிளப்பு வாங்கிட்டாரு. டயருக்கு என்ன புத்தியோ அதே புத்திதான் ஆளுக்கும். ஓடுறது நாலு, பின்னால பெட்டிக்குள்ள ஒன்னு. அந்தப் பெட்டிக்குள்ள கெடக்குறவங்கதாண்ணே லத்திஹான் பசங்க. பயிற்சிக்கு மட்டும் வெச்சிருக்குற ஆளுங்க. தெனம் காலைலயும் சாயங்காலமும் மத்தவன் ஓடுற அதே ஓட்டம் ஓடணும். சனிக்கிழமை மேட்ச்சுன்னா ஜெர்சி கெடையாது. ஐஸ் பெட்டிய எறக்கி வெச்சிட்டு மேல போயி டிக்கெட் வாங்கினவங்களோட உக்காந்து கை தட்டணும்.

அந்தப் பவித்ரன் இதுலயே வருசக்கணக்கா கெடக்கான். மானம் ரோசம் இருக்குறவன் கெடப்பானா? ஊர்ல கேக்குறவங்களுக்கெல்லாம் நான் பந்து ஆடுறேன்னு சொல்லிக்குவான். பொஞ்சாதி கையுறை பேக்டரில நின்னுக்கிட்டே வேலை செய்யுது, இவன் பந்து ஆடுறானாம். புஷ்பலதான்னு பேரு. அதுகிட்ட அங்க கூட நிக்கிற பொம்பளைங்க கேக்குறாங்களாம், ஒன் புருசன் டீம்ல இருக்கான்னு சொல்ற, ஒரு சனிக்கிழமை கூடக் காணோமேன்னு.

அவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேளுங்க. வாரா வாரம் வேற ஆளா மாறுறதுதான் வேலை. வர்ற சனிக்கிழமை தெலுக் இந்தான் டீமோட மேட்ச்சுன்னு வைங்க, அவங்ககிட்ட ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கானா, பவித்ரன் அந்த வாரம் பூரா அவன் மாதிரி ஆடணும். அப்பத்தான் நம்ம டிபென்டருங்க பழகுவாங்க. அவன் இடது காலால அடிச்சா இவனும் இடது காலு. அவன் கார்னர் எடுக்குறதுக்கு முன்னாடி எச்சி துப்பினா இவனும் துப்பணும். நெசமாத்தாண்ணே, சிரிக்காதீங்க. எங்க கோச் சின்னையா பாடாங் ஓரத்துல நின்னு, டேய், துப்ப மறந்துட்டியேன்னு கத்துவாரு. அந்த வாரம் பூரா அந்த ஸ்ட்ரைக்கர் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. அடுத்த வாரம் வேற டீமு, வேற பேரு. சொந்தப் பேர அவரு வாய்ல கேட்டதே இல்ல. மறந்தே போயிருப்பாரு.

இவனும் ஒழுங்கா அத்தனை பேரு மாதிரியும் ஆடுவான், கொரங்கு. கெட்டிக்காரக் கொரங்கு. எல்லாரு ஆட்டமும் அத்துப்படி. சொந்த ஆட்டம் என்னன்னு கேட்டா முழிப்பான்.

போன மாசம் ஒருத்தன் தொடை புடிச்சிக்கிட்டான்னு இவன மெயின் டீம்ல சேத்தாங்க. ஜெர்சி தச்சு வந்துச்சு, முதுகுல பேரோட. புஷ்பலதா வாங்கி வீட்டு ஹால்ல மாட்டி வெச்சிச்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல. அந்த ஜெர்சியப் போட்டு பெஞ்சுல உக்காந்தான், ஒரு ஆட்டத்துல கடைசில எறங்கி நாலு பந்து தொட்டான். அதுக்குள்ள தௌகே வெளிநாட்டுல இருந்து ஒருத்தனக் கூட்டியாந்துட்டாரு. மெயின் டீம்ல எடம் வேணும்ல? யாரத் தள்ளுறது? பெட்டிக்குள்ள இருந்து வந்தவனத்தான்.

இப்ப லீக்கு ரூல் தெரியும்ல உங்களுக்கு? மெயின் டீம்ல இருந்து ஒருத்தனத் தள்ளினா நேரா லத்திஹானுக்கு எறக்க முடியாது. மொதல்ல வெளிய விடணும். பேரு எல்லா கிளப்புக்கும் போகும். வெள்ளிக்கிழமை, அதாவது இன்னைக்கு, அஞ்சு மணி வரைக்கும் யாரு வேணும்னாலும் எனக்குன்னு சொல்லலாம். கடைசில கெடக்குற டீமுக்குத்தான் மொத உரிமை. கோவிச்சுக்காதீங்கண்ணே, அது நீங்கதான். அஞ்சு மணி வரைக்கும் யாரும் கேக்கலன்னா பழைய கிளப்பே திரும்ப இழுத்து லத்திஹான்ல போட்டுக்கலாம். வாசல் வழியா அனுப்பிச்சிட்டு பின்வாசல் வழியாக் கூட்டிக்கிறது. எல்லா கிளப்பும் செய்யுறாங்க. யாரும் கேக்காம இருக்கணும், அவ்வளவுதான் வித்தை.

யாரும் கேக்காம இருக்க என்ன செய்யணும்? அது எங்க தௌகேகிட்டக் கத்துக்கணும். நல்லா ஆடுற ஆள விக்கத் தெரியாது அவருக்கு. ஆனா நல்லா ஆடுற ஆள ஒன்னுக்கும் ஆகாதவன்னு சொல்லி ஒளிச்சு வைக்கத் தெரியும். பழைய டயர்ன்னு சொல்லி மூலைல தள்ளுவாங்கள்ல, அப்பிடி. மேனேஜருங்க வாட்சப் குரூப்ல முட்டி போயிருச்சு, பாவம்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துருக்கும். வந்துச்சா? ஹா. அந்தப் பாவம்னு சொல்ற எடத்துல குரல் கொஞ்சம் கம்முமே, பயிற்சி எடுத்துக்கிட்டுச் சொல்லியிருப்பாரு.

வேணாம், அந்தப் பலகாரத்த எடுக்காதீங்க, காலைல போட்டது. ஏற்கனவே பாடாங்ல நாசி லெமாக் சாப்பிட்டீங்க, பாத்தேன். கூரைக்கு அடில உக்காந்து பொட்டலத்தப் பிரிச்சீங்க, போன்ல பேசினீங்க, கொஞ்சம் பாடாங்கப் பாத்தீங்க, நொண்டுறான்னு தெரிஞ்சதும் திரும்பப் போனப் பாத்தீங்க. பாகான் டத்தோல இருந்து அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்தது நாசி லெமாக் சாப்பிடவா? அங்க கெடைக்காதா அது?

கோவம் வருதா? வரட்டும் லா. எங்க ஆளுங்க மேல மட்டும் எனக்கு மரியாதை இருக்குன்னு நெனைக்காதீங்க. ஏமாத்துறவன விட ஏமாறுறவன் மேலதான் எனக்கு எரிச்சல் சாஸ்தி. அந்தப் பவித்ரன் மேலயும்தான். நேத்து தௌகே தோள்ல கை போட்டு, தம்பி, நாளைக்கு பாகான் டத்தோக்காரன் வாரான், நீ கொஞ்சம் நொண்டு, இங்கயே இரு, அடுத்த வருசம் மெயின் டீம் உனக்குத்தான்னாரு. போன வருசமும் இதேதான் சொன்னாரு. அதுக்கு முந்தின வருசமும். இவன் மாட்டேன்னு சொல்லணுமா இல்லையா? தலைய ஆட்டிட்டு வந்துட்டான். எத்தன பேரா மாறி ஆடியாச்சு, நொண்டியா ஒரு நாள் ஆட மாட்டானா? சின்னையா அதையும் வந்து பாத்துட்டு, ரொம்ப இழுக்காதடா, நம்ப மாட்டான்னு திருத்துறாரு.

வீட்டுல அவ இன்னைக்குக் காலைல என்ன சொன்னா தெரியுமா? கையுறை பேக்டரிக்குக் கெளம்பிக்கிட்டே, செருப்பு மாட்டிக்கிட்டே சொல்றா. சத்தம் போடல. நீங்க நொண்டிட்டு வாங்க, ஆனா இனிமே பந்து ஆடப் போறேன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க, எக்சர்சைஸ் பண்ணப் போறேன்னு சொல்லுங்கன்னா. போறப்ப அந்த ஜெர்சியக் கழட்டி மடிச்சு அலமாரில வெச்சிட்டுப் போயிட்டா. அப்பவும் நான் போயி நொண்டினேன்.

ஏன் முழிக்கிறீங்க?

ஆமா. நான்தான்.

காலைல இடது காலு இழுத்தேன், பாத்தீங்க. இப்ப தே வாங்கப் போனப்ப வலது காலு இழுத்தேன், அதையும் பாத்தீங்க. ரெண்டு காலையும் பாத்தீங்க, ஒரு தடவை மூஞ்சியப் பாக்கல. உங்க போன்ல கிளப்பு அனுப்பின போட்டோ தாடி இல்லாத போட்டோதான், அதுக்காகக் கண்ணும் மூக்குமா மாறிப்போச்சு? மூஞ்சியப் பாத்து இவரே கண்டுபுடிச்சிட்டாருன்னா நானாச் சொல்லணும்னு இல்ல, பாக்கலன்னா இந்த ஆள நம்பி போறதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். நீங்க பாக்கல. நல்ல மேனேஜர் இல்லண்ணே நீங்க, மூஞ்சிக்கு நேராச் சொல்றேன். உங்க டீமும் நல்ல டீம் இல்ல. ஆனா சனிக்கிழமை எனக்கு ஜெர்சி குடுப்பீங்கள்ல?

இருங்க, இந்தக் கப்ப வெச்சிட்டு வாரேன். இப்பப் பாருங்க. போனத் தூக்காதீங்க, பாருங்க.

இழுத்துச்சா? எந்தக் காலாச்சும்?

மழை விட்டுருச்சு பாருங்க. அஞ்சாகப் போகுது. இப்பத் தூக்கலாம் போன. உங்க கிளப்பு ஆபீசுக்கு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவங்க லீக்குக்கு அனுப்பிருவாங்க.

பேரா? பவித்ரன். அப்பாவு மகன் பவித்ரன்.

முணுமுணுக்காதீங்கண்ணே. சத்தமாச் சொல்லுங்க, நானும் கேக்கணும்.