இறங்காத கோடு

“அவரு இன்னா துன்னாரு, சொல்லு. புரோட்டாவா, பிரியாணியா? நீ பாத்தன்னு இந்தப் பேப்பர்ல போட்டுக்கீதே?”

“நான் எதையும் பாக்கலம்மா. என் பேரை யார் போட்டான்னே தெரியல.”

திருப்பதியில் எங்கள் மருந்துச் சோதனை மையத்தின் வாசல். புருஷன் முனிகிருஷ்ணனைப் புதைத்த மூன்றாம் நாள் வெங்கடலட்சுமி வந்து, நர்ஸ் ஸ்ரீவல்லியின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். நான் டீ டம்ளருடன் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டை என்றால் நின்று கேட்பது என் வழக்கம். அதில் குற்றமில்லையே இன்ஸ்பெக்டர் சார்.

விஜயபுரம் பக்கத்திலிருந்து காசுக்காக ஆட்கள் வருவார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் தங்குவார்கள். மணிக்கொரு தரம் ரத்தம் எடுப்போம். ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியது, எப்போது இறங்கியது என்று சாஃப்ட்வேரே கணக்குப் போடும். ஆளுக்கொரு கோடு வரைந்து அறிக்கையும் எழுதிவிடும். எனக்குப் பத்து நாள் பிடித்த வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. மிச்ச நேரத்தில் ஊர்க்கதை கேட்டேன்.

அந்த சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொண்டவன் ரகுநந்தன். நல்ல குடும்பத்துப் பையன். என் அக்கா மகள் வஸுமதிக்கு அவனைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். அவனோ எங்கள் அபார்ட்மெண்ட் மாடியில் குடியிருந்த ஸ்ரீவல்லியை வாரத்துக்கு மூன்று முறை பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். தெருமுனையில் இறங்கினால் தெரியாதென்று அவளுக்கு நினைப்பு. என் சமையலறை ஜன்னல் தெருமுனையைத்தான் பார்க்கிறது.

முதல் சுற்றில் முனிகிருஷ்ணனின் கோடு ஏறியது, இறங்கவில்லை. சாஃப்ட்வேர் அதைச் சிவப்பாக்கி நிறுத்தியது. டாக்டர் பார்க்காமல் இந்த ஆளுக்கு இரண்டாவது மாத்திரை கூடாது என்றது. காரணம் காட்டினால் அந்தக் கோட்டைக் கணக்கிலிருந்து நீக்கி, தடையை எடுக்கவும் விடும். பட்டியலில் ‘விதியை மீறிச் சாப்பிட்டார்’ என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டேன். பார்த்தவர் பெயர் கேட்டது. ஸ்ரீவல்லி என்று போட்டேன். பார்த்தும் தடுக்காத நர்ஸுக்கு வேலை போகும், அவ்வளவுதான் என் எண்ணம். சிவப்பு பச்சையாயிற்று.

அடுத்த வாரம் முனிகிருஷ்ணன் வரிசையில் நின்றான். செருப்பு காலில் ஏறாமல் கையில் வைத்திருந்தான்.

“யம்மா, போன தபா மாத்தர போட்டதுலேர்ந்து காலு வீங்கிக்கினே கீது. ஒண்ணுக்கும் சரியா போவல. மாத்தர போட்டுக்கலாமா?”

“கண்டதைத் தின்னா வீங்காதா? போட்டுக்கோப்பா.”

“ஒண்ணும் துன்னலியேம்மா” என்று சிரித்தான். போட்டுக்கொண்டான்.

ஆறாம் நாள் சிறுநீரகம் நின்று இறந்தான். கோட்டின் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பதினோரு வருஷமாகக் கோடு பார்க்கிறவள் நான்.

ஸ்ரீவல்லி வேலை போய் பெங்களூருக்குப் போனாள். வெங்கடலட்சுமி சாந்திபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். வஸுமதிக்கும் ரகுநந்தனுக்கும் தை மாதம் திருச்சானூரில் கல்யாணம் நடந்தது. பெண்ணைத் தேடிக் கொடுத்தவள் என்று எனக்குத் தனியாகப் பட்டுப்புடவை எடுத்தார்கள்.

யார் கையால் எது மாறியது என்பதையும் சாஃப்ட்வேர் குறித்துவைக்குமாம். அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் மாப்பிள்ளையேதான்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். பார்க்காததைப் பார்த்ததாக நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் சாஃப்ட்வேர் பெயர் கேட்டதால்.