பதினாலு படமும் கலங்கல்

– படத்தைப் பெருசாக்காத. பார்த்தது போதும்.

– பதினாலையும் பார்க்காம எப்படிங்க விடுறது? படத்தைத் திருத்துறது என் வேலை. நீங்க போய் டீ குடிங்க.

– என்னத்தத் திருத்துவ? ஒரு பிள்ளைக்குக்கூட கண்ணு மூக்கு தெரியல. முப்பத்தாறு பிள்ளைங்க, பள்ளிக்கூடம் முடிச்சுப் போற கடைசி நாள். எல்லாத்தையும் என் கை கெடுத்துடுச்சு. விடு, விடு. உன் தம்பி மதியம் வருவான். கேமராவை அவன்கிட்டயே கொடுத்துடறேன்.

– என்னைக் கேக்காமலே என் தம்பிக்குப் போன் பண்ணியாச்சா? இருபது வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துற ஸ்டூடியோ. ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?

– சொன்னா நீ அழுவ.

– அழமாட்டேன், சண்டை போடுவேன். அட, இங்க பாருங்க, பதினஞ்சாவதா ஒண்ணு பளிச்சுன்னு இருக்கே! பிள்ளைங்க எல்லாம் குதிக்கிறாங்க. ஒருத்தியோட ரிப்பன்கூட அந்தரத்துல நிக்குது.

– அதை அழிச்சுடு. கலைஞ்சு ஓடுற நேரத்துல அவசரமா கேமராவைக் கையில எடுத்து, பிளாஷை நேரா மூஞ்சியில அடிச்சேன். நெத்தியெல்லாம் எண்ணெய் வழியுது, சுவத்துல கன்னங்கரேல்னு நிழல். பிளாஷை நேரா அடிக்கிறவன் போட்டோகிராபரே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான்.

– நெத்தி மின்னினா மின்னிட்டுப் போகட்டும். எவ்வளவு சிரிப்பு பாருங்க! இது உங்க கையில பிடிச்சு எடுத்ததுதானே?

– அது பிளாஷோட சாமர்த்தியம். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள வெளிச்சம் வந்து போயிடும். அதுக்குள்ள எந்தக் கை ஆடும்?

– சரி. மத்த பதினாலும் ஸ்டாண்டுல வச்சு எடுத்ததா?

– ஆமா. பிளாஷே வேணாம்னு ஜன்னல் வெளிச்சத்துல, ஒவ்வொண்ணும் அரை செகண்ட்.

– லென்ஸ்ல ஸ்டெபிலைசரை அணைச்சீங்களா?

– இப்போ எதுக்கு அது?

– சொல்லுங்க, அணைச்சீங்களா?

– அந்த சுவிட்ச் மேல டேப் ஒட்டியிருக்கேன். காய்ச்சல்ல விழுந்து எழுந்து கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து. தெரியாம அணைஞ்சுடக் கூடாதுன்னு.

– அட சாமி! கை ஆடினா அது எதிர்ப்பக்கம் ஆடிச் சரிபண்ணும், ஸ்டாண்டுல அசையாம வச்சா நம்ம பழைய லென்ஸ் சும்மா இருக்காம தானே ஆடிக் கெடுத்துடும்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?

– நீ எனக்காகக் காரணம் தேடுற. ஸ்டாண்டா இருந்தா என்ன, பட்டனை அழுத்தினது இந்தக் கைதானே? ஸ்டாண்டையே ஆட்டியிருக்கும்.

– பள்ளிக்கூடம் முடிஞ்சாலும் பிள்ளைங்க சனிக்கிழமை வரைக்கும் ஹாஸ்டல்லதான் இருப்பாங்க. டீச்சர்கிட்ட பேசி மறுபடி நிக்க வச்சு எடுக்கலாம்.

– எனக்குப் பயமா இருக்கு. மறுபடி அந்தப் பிள்ளைங்க முன்னாடி போய் நின்னு, மறுபடி கெடுத்துட்டேன்னா? என்னால முடியாது.

– பதினாலாவதைத் திறக்கிறேன், பாருங்க. இதுவும் அதே கலங்கல்தான். பின்னாடி சுவத்துல இருக்கிற எழுத்துகூட ரெண்டு ரெண்டாத் தெரியுது. இந்த ஓரத்துல, டீச்சர் பக்கத்துல, வழுக்கைத் தலையோட நிக்கிறது யாரு?

– நான்தான். நீங்களும் வாங்க சார்னு பிள்ளைங்க விடல. பத்து செகண்ட் டைமரைப் போட்டுட்டு ஓடிப்போய் நின்னேன்.

– அப்போ கேமரா மேல யார் கை இருந்துச்சு?