எண்பது ஜிபிக்கு ஒரு ஜெபம்

— ...இந்தப் பழைய டிஸ்க்கையும், எண்பது ஜிபி புது டிஸ்க்கையும், தம்பி கோபுவோட கைகளையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே. ஆமென்.

— ஆமென். கோபு, கண்ணைத் திறக்கலாம்ப்பா.

— தொறந்துட்டேன் டீச்சர். மூடிக்கினே இருந்திருக்கலாம்.

— ஏன், என்னாச்சு?

— சார் ஆமென் சொன்னாரா, நானும் அந்த பக்தியில என்ட்டரைத் தட்டிட்டேன். பழசுல கீறத புதுசுக்கு அனுப்பணும். இது புதுசுல கீறத பழசுக்கு அனுப்பிகினு கீது.

— புதுசுல என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணுமில்லாததுதான் போய்க்கினு கீது.

— ஐயோ, நிறுத்துப்பா.

— இன்னாத்த நிறுத்த? முடிஞ்சே பூட்ச்சு, பழசும் இப்போ காலி. காலி டிஸ்க்கை காப்பி அடிக்க எவ்ளோ நேரம் ஆவும்?

— நம்ம தாம்பரம் சபையோட எழுபத்தஞ்சு வருஷ சரித்திரம்ப்பா. சார் மூணு வருஷமா ரூமைச் சாத்திக்கிட்டு டைப் அடிச்சது. ஞாயித்துக்கிழமை கமிட்டி கையில கொடுக்கணும். என்னங்க, நீங்க வாயே திறக்கலையே?

— போகட்டும் ரத்தினம். ஆண்டவர் சித்தம்.

— ரசத்துல உப்பு குறைஞ்சா ரெண்டு நாள் பேச மாட்டீங்க. மூணு வருஷ உழைப்பு போயிருக்கு, சித்தம்ங்கறீங்க.

— நீதானே ஜெபம் பண்ணச் சொன்னே?

— டிஸ்க்ல இடம் பத்தல, அதான் புத்தகம் முடியலன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்குத்தானே புதுசு வாங்கினது. கோபு, திரும்ப எடுக்க வழியே இல்லையா?

— பெருங்களத்தூர்ல ஒருத்தர் கீறாரு டீச்சர். அழிஞ்ச டிஸ்க்க குடுத்தா, தொண்ணூறு பர்சன்ட் எடுத்துக் குடுத்துருவாரு.

— நல்லதாப் போச்சு. நான் போதகர் ஐயாவுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். நீ டிஸ்க்கைக் கழட்டி வைப்பா.

— கோபு.

— சொல்லுங்க சார்.

— மெதுவாப் பேசு, அவ ஹால்ல இருக்கா. பெருங்களத்தூரெல்லாம் வேண்டாம்ப்பா.

— முக்காவாசிக்கு மேல வந்துரும் சார், பயப்படாதீங்க.

— வந்துடும்னுதான் பயமே. உள்ள சரித்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல. 'கர்த்தருடைய கிருபையால்'னு ஒரு வரி அடிச்சேன். அடுத்தது ஓடல. சும்மா இருக்கறதுக்குச் சீட்டு ஆடிப் பார்த்தேன், கம்ப்யூட்டரோடதான். மூணு வருஷம் ஓடிப்போச்சு.

— சர்ச் செக்ரட்டரி நீங்க. சீட்டாட்டமா?

— வெளியில தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட போய் நிப்பேன்? அதைவிடு. ரத்தினம் தாங்க மாட்டா. முப்பது வருஷத்துல அவகிட்ட நான் மறைச்சது இது ஒண்ணுதான்.

— சார், கொஞ்சம் ஒக்காருங்க.

— உக்கார்ந்துதானே இருக்கேன்?

— அப்போ கெட்டியா புடிச்சிக்கோங்க. பெருங்களத்தூர்ல அப்டி ஒரு ஆளே கெடையாது, வழி இல்லையான்னு டீச்சர் கேட்டாங்களேன்னு நானா வுட்டது. டீச்சர் நேத்தே நம்ம கம்ப்யூட்டர் கடைக்கு வந்துட்டாங்க சார். 'உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் கோபு, ஆனா சார் கமிட்டி முன்னாடி தலை குனியக் கூடாது, நான் ஜெபம் பண்ணச் சொல்றேன், ஆமென் சொன்னதும் நீ தப்பாத் தட்டிடு'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.