நீலச்சட்டை மாப்பிள்ளை

— பட்டுனு திரும்பிப் பாக்காத. நமக்கு முன்னாடி ரெண்டு சீட்டு தள்ளி, ஜன்னலோரம், நீலச்சட்டை. அவன்தான் மாப்பிள்ளை.

— என்னம்மா சொல்ற? குகைக் கோயில் பாக்கலாம்னுதானே கூட்டிட்டு வந்த?

— கோயிலையும் பாரு, மாப்பிள்ளையையும் பாரு. ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டுதான்.

— சொல்லாம கொள்ளாம இப்படிப் பண்ணா எப்படிம்மா?

— சொன்னா படுத்துப்ப. போன தடவை வந்தவங்க வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள உனக்குக் காய்ச்சல் வந்துச்சே. பெத்தவளுக்குத் தெரியாதா?

— வணக்கம் பயணிகளே, நான்தான் உங்க கைடு. இறங்கினதும் என் சிவப்புக் குடையைப் பாத்துக்கிட்டே வாங்க, குடை போற இடம்தான் வழி. இப்ப எல்லாரும் வலது பக்கம் பாருங்க. அதோ அந்த மலைதான்.

— கைடு பையன் லட்சணமா இருக்கான், இல்லடி?

— நான் பாக்கலம்மா.

— ஆமா, நீ எங்க பாக்கப் போற.

*

— ஏய், டெய்லர் அக்கா. இப்படி வா, தூணுக்குப் பின்னாடி.

— அப்படிக் கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்றது? ஒரு ஆம்பளைக்கு வைக்கிற பேரா அது?

— போன்ல வேற என்ன பேரு போட்டு வைக்கச் சொல்ற? அம்மா கண்ணு எப்பவும் என் போன் மேலதான்.

— அது சரி, உங்கம்மாவை எதுக்கு இன்னிக்குக் கூட்டிட்டு வந்த? மைக்ல என்ன உளறினேன்னே தெரியல.

— நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? அவங்கதான் இழுத்துட்டு வந்தாங்க. அந்த நீலச்சட்டை எனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளையாம்.

— அவனா? உள்வாசல் தாழ்வு, குனிஞ்சு வாங்கன்னு எல்லாருக்கும் சொல்லுவேன். அவனுக்கு மட்டும் சொல்ல மாட்டேன் போ. மண்டையைப் பதம் பாக்கட்டும்.

— விளையாடாத. அம்மா இந்தத் தடவை முடிவோட வந்திருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள அவங்களுக்கு உன்னைப் பிடிச்சாகணும்.

— கல்லைப் பேச வைக்கிறவன் நான். உங்கம்மாவைத் தலையாட்ட வைக்க மாட்டேனா?

*

— எல்லாரும் வலது பக்கம் பாருங்க. இது சிவபெருமான் கல்யாணம். பார்வதி தலையைக் குனிஞ்சிருக்கா, பாருங்க, கல்லுலயே வெக்கத்தைச் செதுக்கியிருக்காங்க. மாப்பிள்ளையைப் பொண்ணே தேடிக்கிட்டா. பெத்தவங்களும் மனசார ஒத்துக்கிட்டாங்க.

— மனசாரவா தம்பி? பொண்ணைப் பெத்த மேனை, மாப்பிள்ளையைப் பாத்ததுமே மயங்கி விழுந்துட்டான்னுல்ல கதை?

— விழுந்தாங்கம்மா. அப்புறம் எழுந்துட்டாங்க.

— விழாம என்ன செய்வா? உடம்பெல்லாம் சாம்பல், கழுத்துல பாம்பு, கையில ஓடு, குடியிருப்பு சுடுகாடு. உங்க வீடு எங்க தம்பி?

— என் வீடா? ஆபீஸ் மாடியில வாடகை ரூம்தாம்மா.

— வண்டி?

— ஒரு பழைய ஸ்கூட்டர்.

— சிவனுக்கு மாடாவது சொந்தம்.

— ஸ்கூட்டரும் சொந்தம்தாம்மா. அதுவும் சில நாள் மாடு மாதிரி நடுரோட்டுல நின்னுடும்.

— அம்மா, சும்மா இரேன். எல்லாரும் சிரிக்கிறாங்க.

— நீ ஏண்டி பதறுற? நான் கோயிலைப் பத்திக் கேக்கறேன். தம்பி, இந்தப் பார்வதி கை ஏன் ஒடஞ்சிருக்கு?

— அது ஒரு ராஜா படையெடுத்து வந்தப்ப...

— வண்டியில வரும்போது, இடி விழுந்து ஒடஞ்சுதுன்னு சொன்னீங்க.

— இடி விழுந்தப்பதாம்மா ராஜாவும் வந்தான்.

— அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. நடங்க.

*

— தம்பி, இந்த மரத்தடியில கொஞ்சம் உக்காருங்க. அவ தண்ணி பிடிக்கப் போயிருக்கா. வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்கம்மா.

— அந்த நீலச்சட்டை இருக்கானே, அவனை என் பொண்ணுக்குப் பாத்திருக்கேன். நீங்க தினம் எத்தனையோ பேரைப் பாக்கறவர். அவனுக்கு நம்பிப் பொண்ணைக் கொடுக்கலாமா?

— என்னைப் போய்க் கேக்கறீங்களேம்மா.

— உங்களைத்தான் கேக்கணும். நீங்க வேணாம்னா இதோட விட்டுடறேன்.

— நிஜமாவா?

— சத்தியமா. ஏதாவது கோணல் கண்ணுல பட்டுதா, சொல்லுங்க.

— குறை சொல்ல ஆசையாத்தாம்மா இருக்கு. ஆனா சொல்ல ஒண்ணும் இல்ல. படியேறும்போது ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குச்சு, அவர் பையை இவர்தான் தூக்கிட்டு வந்தார். வாசல்ல மண்டை இடிச்சுது, ஒரு வார்த்தை திட்டல. குனியச் சொல்லியிருக்கணும் நான். வேணும்னேதான் சொல்லல.

— வேணும்னேயா? ஏன்?

— அதை மட்டும் கேக்காதீங்கம்மா. நல்ல மனுஷன். கொடுக்கலாம்.

— குடை ஏன் தம்பி இப்படி ஆடுது?

— காத்தும்மா.

— மரத்துல ஒரு இலைகூட அசையல.

*

— அவனை நல்லவன்னா சொன்ன? உனக்குப் புத்தி இருக்கா?

— உங்கம்மா என் கண்ணைப் பாத்துக் கேட்டாங்க. பொய் வரல.

— இடிக்கும் ராஜாவுக்கும் மட்டும் வந்துச்சே.

— அது கல்லு. இது ஒரு மனுஷன் பேரு.

— அப்ப என் வாழ்க்கை? நீயே தாரை வார்த்துட்ட போ.

— அழாத, அவங்க வர்றாங்க. பயணிகளே, வண்டி கிளம்புது, எல்லாரும் குடை பின்னாடி வாங்க.

*

— கண்ணு ஏண்டி சிவந்திருக்கு?

— குகையில தூசு.

— இந்தா, துடைச்சுக்கோ. நான் முடிவு பண்ணிட்டேன்.

— எனக்கு அந்த நீலச்சட்டை வேணாம்மா. அடிச்சாலும் வேணாம், கொன்னாலும் வேணாம்.

— அவனா? யாரு பெத்த புள்ளையோ, எனக்கென்னடி தெரியும்? வண்டியில தனியா உக்காந்திருந்தான், காட்டினேன்.

— அம்மா?

— போன மாசம் நீ குளிக்கப் போனப்ப உன் போன் அடிச்சுது. எடுத்தேன். ஆம்பளைக் குரல். ‘ஒரு நிமிஷம் இரு’ன்னுட்டு, ‘எல்லாரும் வலது பக்கம் பாருங்க, அதுதான் குகைக் கோயில் மலை’ன்னுது. வெச்சுட்டேன்.

— ஐயோ.

— நாள் பூரா புளுகினாலும், தனக்கு நஷ்டம்னு தெரிஞ்ச இடத்துல நிஜம் பேசினான். எனக்கு அது போதும். மூக்கைச் சிந்திட்டுப் போனை எடு. துணியே தைக்காம தினம் பேசற அந்த டெய்லர் அக்காவை, ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவோட நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு.