நீலம் ஏறிய செல்கள்

காபிக்குச் சர்க்கரை வேண்டாம், ஐயா. உங்கள் விசாரணை அறிக்கையில் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். சொல்லி முடிப்பதைத் தவிர எனக்கும் வேறு வேலையில்லை.

நரம்புச் செல்லின் வெளிச்சுவரில் ஒரு சமிக்ஞை வந்து தட்டும். அது கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போய், வலியைக் கடத்தும் நியூரோபெப்டைடு என்ற புரதத் துணுக்குக்கான மரபணுவை எழுப்பிவிடும். பாதி வழியிலேயே அதை மறிக்கும் மருந்துதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் எட்டு வருட உழைப்பு.

நரம்புச் செல்களை வளர்த்து மருந்து விட்ட தட்டுகளில் அந்த மரபணு அடியோடு அடங்கியது. ஆய்வுக்கூடத் தலைவர் குழந்தை மாதிரிக் கைதட்டினார். "கைராசி, நீ சாதிச்சுட்டே!" என்றார். அங்கே எனக்கு அதுதான் பெயர்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அளந்த முடிவை நம்புவதற்குமுன், தட்டில் நீலச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். செத்த செல் நீலமாகும். பார்த்தேன். பாதிக்கு மேல் நீலம். மருந்து மரபணுவை அடக்கவில்லை, செல்லையே கொன்றிருந்தது. செத்தவர் பேசாமலிருப்பதை அமைதி என்றா சொல்வது?

குறிப்பேட்டில், நூற்றுக்கு மூன்று நீலம் என்று எழுதினேன். எட்டு வருடத்தைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. அடுத்து மருந்து போட்ட எலிகள் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தபோது கூண்டுக் கம்பி கிழித்திருக்கும் என்றேன். கைராசி சொன்னால் மறுபேச்சு ஏது?

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம். பட்டியல் போடுவது என் பொறுப்பு. விபத்தில் நரம்பு நசுங்கி, இரண்டு வருடமாகக் காலை ஊன்ற முடியாத என் அக்கா சிரித்தாள். "ஏன்டி, உன் மருந்து இருக்கையில நான் எதுக்கு ஊர்ல உள்ள மாத்திரையெல்லாம் முழுங்கணும்? என் பேரையும் சேர்த்துடு."

மூன்றாவது ஊசிக்குப் பிறகு, "வலி போன இடம் தெரியலடி," என்று போனில் அழுதாள். அடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டி அவள் பாதத்தில் விழுந்தது. கருகும் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். இப்போது இரண்டு காலும் மரத்துவிட்டன. பட்டியலில் இருந்த மற்ற பதினொரு பேருக்கும் அப்படியே. இனித் திரும்பாது என்கிறார் மருத்துவர்.

அக்காவைத் தெரியாமல் சேர்த்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஏதாவது சாக்குச் சொல்லி அவளைத் தவிர்த்திருக்கலாம். தவிர்த்தால் தலைவர், "ஏம்மா, சொந்த அக்காவுக்குக் குடுக்கப் பயமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் முதல் பெயராக அவள் பெயரை எழுதினேன்.