அக்கினி மூலையில் ஒரு பெட்டி

பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் இந்தக் கல்யாணம்னு பொண்ணோட அப்பா சொன்னாருங்க. ரொம்பச் சந்தோஷம். பந்திக்கு நேரமாச்சு, தெரியும்... அதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிர்றேன்.

எங்க கோபிப் பக்கம் மகுடபதின்னு ஒருத்தர். ஜீப்புக்குப் பின்னால மாட்டி இழுக்கற மாதிரி ஒரு சக்கர வீடு வாங்கினார். படுக்கை உண்டு, பாத்ரூம் உண்டு. அடுப்பும் பாத்திரமும் வெக்கத்தான் இடமில்ல. விடுவாரா? அவரே தகரத்துல ஒரு பெட்டி செஞ்சுட்டார். வண்டியோட வெளிச்சுவத்துல அதைப் பொருத்தணும். எங்க பொருத்தறது?

அவர் சம்சாரம் கோமளவல்லி சுவத்தைத் தட்டிக்கிட்டே போச்சு. டொம்... டொம்... டொக்.

"ஏனுங்க, இங்கதான் உள்ள இரும்புச் சட்டம் இருக்குது. இங்க பொருத்துங்க."

"அது வடமேக்கு, வாயு மூலை அம்மணி. அடுப்புப் பெட்டி தென்கிழக்க, அக்கினி மூலைலதான் இருக்கோணும்."

"அங்க வெறுந்தகடுங்க."

"வாஸ்து தெரியாமப் பேசாத."

வாசல்ல கிழக்க பாத்து நின்ன வண்டிக்கு அக்கினி மூலை கண்டுபிடிச்சு, வெறுந்தகட்டுல நாலு திருகாணி. கிளம்பியாச்சு மைசூருக்கு.

திம்பம் மலை. ஒரு வளைவுல வண்டி கிழக்க பாக்குது, அடுத்த வளைவுல மேக்க பாக்குது. இப்ப அக்கினி மூலை எங்கீங்க? அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்குது...

டமால்.

தகடு கிழிஞ்சு பெட்டி நடுரோட்டுல கிடக்குது. பின்னால பைக்குல கைக்குழந்தையோட வந்த புருஷன் பொண்டாட்டி ஒரு முழத்துல தப்பிச்சாங்க. மகுடபதி அந்தக் குழந்தையப் பாக்கறார்... ஓடிப்போய்ப் பெட்டியை ரோட்டோரமா இழுத்து வெக்கறார்.

கோமளவல்லி என்ன பண்ணுச்சு? திட்டுச்சா? அதுதான் இல்லீங்க. மெதுவா சொல்லுச்சு.

"சட்டத்துலயே பொருத்திருங்க. சமைக்கறப்ப வண்டிய மேக்க பாத்து நிறுத்துனா, உங்க வாயு மூலையே அக்கினி மூலை ஆயிருது."

மலையடிவாரத்துச் சத்தியமங்கலத்துக்கு இறங்கி வந்து, சட்டத்துல போல்ட்டுப் போட்டு முடுக்கினார். மைசூர் போய்த் திரும்பற வரைக்கும் பெட்டி அசையவே இல்ல.

எதுக்குச் சொல்றேன்? பொருத்தம் பாத்தீங்க, நல்லது. ஆனா அது நிக்கற வண்டிக்குப் பாத்தது. நாளைல இருந்து இது ஓடற வண்டி. வேலை மாறும், ஊர் மாறும், உடம்புக்கு முடியாமப் போகும்... திசை மாறிக்கிட்டேதான் இருக்கும். அன்னிக்குப் பாரம் தாங்கறது எது? ஒருத்தர் மேல ஒருத்தர் வெக்கற நம்பிக்கை. அதுதாங்க உள்ள இருக்கற சட்டம்.

மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. என்னிக்காவது இந்தப் பொண்ணு தட்டிப் பாத்துட்டு, "இங்க உறுதியில்லீங்க"ன்னு சொல்லுச்சுன்னா... வாஸ்து பேசாதீங்க. நீங்களும் ஒரு தடவை தட்டிப் பாருங்க.